மேடத்துக்கு மாத்திரை

மாஸ்டரின் வலது ஷூவுக்குள் ஏதோ உருண்டது.

கல்லாக இருக்கும் என்று நினைத்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மாணவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்று பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் உள்ளங்காலில் குத்தியது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க சிஸ்டர்."

சிஸ்டர் ஆஸ்பத்திரி நர்ஸ். எப்பேர்ப்பட்ட காயத்துக்கும் கட்டுப் போடுவார், கை நடுங்காது. ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் நடுங்கும். ஓரமாக என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் சத்தமில்லாமல் தன் பிரேக்கை அழுத்த, வண்டி நின்றது.

"பாத்தீங்களா, நீங்களே நிறுத்திட்டீங்க!"

"நிஜமாவா மாஸ்டர்?" சிஸ்டருக்கு முகமெல்லாம் பல்.

எல்லா மாணவர்களிடமும் அவர் இதைத்தான் சொல்வார். இன்னொருத்தர் காலால்தான் வண்டி நிற்கிறது என்று தெரிந்தால் ஓட்டுகிறவருக்குத் தைரியம் போய்விடும், தெரியாதவரைக்கும் நல்லது என்பது அவர் கட்சி.

ஷூவைக் கழற்றித் தட்டினார். கல் இல்லை. ரோஸ் நிறத்தில் மூன்று குட்டி மாத்திரைகள் விழுந்தன.

"அடிப்பாவி!"

சிஸ்டர் திடுக்கிட்டார். "நான் என்ன பண்ணேன்?"

"உங்கள இல்ல. எங்க வீட்டுப் பூனைய. முழுங்கிட்டேன்னு நடிச்சு, என் ஷூவுக்குள்ள துப்பிவெச்சிருக்கு!"

பூனையின் பெயர் மேடம். வீட்டில் அது செய்யும் அதிகாரத்துக்கு வேறு பெயர் பொருந்தாது. கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் சொட்டுகிற குழாயில்தான் குடிக்கும். கிண்ணத்தில் மாஸ்டரின் சாக்ஸைக் கொண்டுபோய் ஊறப்போடும். அதுவும் ஜோடியில் ஒன்றை மட்டும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் சாப்பாட்டில் வாயை வைக்கும்.

இப்படிப்பட்ட மேடத்துக்குத் தைராய்டு வந்துவிட்டது. தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் இதயத்தைப் பாதிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்துக்கொண்டிருந்தது மாஸ்டரின் மனைவி. அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால், துணைக்கு இருக்க அவள் வெளியூர் போகவேண்டி வந்தது.

"எப்படிக் குடுக்கணும்னு ஒரு தடவை காட்டிடறேங்க," என்றாள் பெட்டியை மூடும்போது.

"பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளையெல்லாம் ரோட்டுல ஓட்டவெச்சவன் நான். ஒரு பூனைக்கு மாத்திரை குடுக்க எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"போன தடவை நான் ஊருக்குப் போனப்ப, செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னு சொன்னீங்க."

மாஸ்டர் பேச்சை மாற்றினார். அந்தச் செடிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மனைவி அதற்காகச் சண்டை போடவில்லை. காலித் தொட்டிகளை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள், அவ்வளவுதான். சண்டையே தேவலை என்று அவருக்குத் தோன்றும். மேடமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டால்? அதை அவரால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

போகிறபோது ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசையாக நின்றன. "உங்களுக்குப் பேரீச்சம்பழமும் தேனும் குழைச்சு வெச்சிருக்கேன். காலைல ஒரு டப்பா. மறக்கக் கூடாது."

இது அவர்கள் வீட்டில் இரண்டு வருஷத்துப் பழக்கம். காலையில் அவர் பேப்பர் படிக்கும்போது அவளே பக்கத்தில் வந்து நின்று, மாடி வீட்டுக் கதை, எதிர்வீட்டுக் கதை என்று ஏதாவது பேசிக்கொண்டே ஒரு ஸ்பூனை வாயில் ஊட்டிவிடுவாள். அவர் முழுங்குகிறவரைக்கும் நகரமாட்டாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு ஊட்டிவிடறா, தெரியுமா?" என்று மாஸ்டர் மாணவர்களிடம் பெருமையடிப்பதுண்டு. அவள் ஊருக்குப் போனபின் டப்பாக்களை அவர் தொடவில்லை. தானே எடுத்துத் தின்பதில் என்ன ருசி இருக்கிறது?

"உங்களுக்கு மாத்திரை பழக்கமே இல்லையா மாஸ்டர்?" சிஸ்டர் வண்டியைக் கிளப்பினார். அது இருமிவிட்டு அணைந்தது.

"கிளட்ச்ச மெதுவா விடுங்க. எனக்கா? ரெண்டு வருஷம் முன்னாடி பிரஷர்னு சொல்லி ஆயுசுக்கும் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணுகூட வாய்ல போடல. என் சம்சாரம் அழுது பாத்தா, கெஞ்சிப் பாத்தா. முடியாதுன்னா முடியாதுன்னுட்டேன். மனசு உறுதியா இருந்தா மாத்திரை எதுக்கு? அடுத்த தடவை செக் பண்ணப்ப பிரஷர் தானா எறங்கியிருந்தது. 'நீங்களே கொறச்சிட்டீங்களே'ன்னு அவளே சொன்னா."

"முகமெல்லாம் செவந்திருக்கு. எதுக்கும் ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"ரெண்டு நாளா தலை கனமாத்தான் இருக்கு. எல்லாம் அந்தப் பூனையால."

வீட்டுக்குப் போனதும் ஒரு டவலால் மேடத்தைச் சுற்றினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டு, மூடிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மேடம் சாதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை எடுத்த அடுத்த நொடி, 'தூ' என்று துப்பியது. மாத்திரை அவர் சட்டைப் பையில் விழுந்தது. மேடம் அவர் கையில் நாலு கோடு போட்டுவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

அதிலிருந்து டவலைக் கண்டாலே ஓடியது. மாஸ்டர் குளிக்கக் கிளம்பினால்கூட அலமாரி மேல் ஏறிவிடும். அவர் டவலை ஒளித்து எடுத்துக்கொண்டு குளிக்கப்போக வேண்டியிருந்தது.

சரி, சாப்பாட்டில் கலந்து ஏமாற்றலாம் என்று மீன் துண்டுக்குள் மாத்திரையைச் செருகினார். மேடம் மீனை ஒரு நூல் மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, மாத்திரையை நக்கித் துடைத்துத் தட்டின் நடுவில் வைத்தது. நகைக்கடையில் வைத்த முத்துபோல அது பளபளத்தது.

பொடி செய்து கலந்தார். இந்தத் தடவை மேடம் முகர்ந்து மட்டும் பார்த்தது. பிறகு தட்டின் மேல் ஒரு சாக்ஸை இழுத்துப் போட்டு மூடியது. அதற்கப்புறம் எந்தத் தட்டு வைத்தாலும் சந்தேகம்தான். வெறும் மீனைக்கூடத் தொடவில்லை. மருந்தில்லாத பூனையாக இருந்தது இப்போது சாப்பாடும் இல்லாத பூனையாகிவிட்டது.

மனைவி போனில் கூப்பிட்டாள்.

"தேன் சாப்பிட்டீங்களா?"

எடுத்தவுடன் தன்னைத்தான் கேட்கிறாள் என்பதில் மாஸ்டருக்கு மனசு குளிர்ந்தது. "ஆச்சு ஆச்சு."

"நிஜமா? டப்பாவக் காலி பண்ணீங்களா?"

"காலி."

"மேடம்?"

மாஸ்டர் அலமாரி உச்சியைப் பார்த்தார். இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. "சமத்தா முழுங்குது. நாங்க ரெண்டு பேருமே சமத்தா இருக்கோம்."

"உங்க குரலே சரியில்லையே. நான் வேணா கெளம்பி வந்துடட்டுமா?"

"அக்காவ நடக்கவெச்சுட்டு வா. இங்க ஒரு குறையும் இல்ல." போனை வைத்தார். தலை விண்விண் என்று தெறித்தது. பூனை இளைத்திருப்பது கீழேயிருந்து பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் மனம் விட்டுச் சொல்லிவிட்டார். "இதுக்கா இவ்வளவு?" என்றார் சிஸ்டர். "மாத்திரையத் தண்ணில கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து, வாயோரமா ஒரே அழுத்து. கைக்குழந்தைக்கே குடுக்கறோம்."

சிஸ்டரை வீட்டுக்கே கூட்டி வந்தார். மாஸ்டர் நாற்காலி போட்டு ஏறி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மேடத்தைக் கீழே இறக்கினார். சிஸ்டர் ஒரே அழுத்தில் வேலையை முடித்தார்.

"அவ்வளவுதான் மாஸ்டர்."

மேடம் தலையை உதறியது. வாயிலிருந்து நுரை வந்தது. கொஞ்சமல்ல, சோப்புத் தண்ணீரில் முகம் கழுவியதுபோல மீசையெல்லாம் நுரை. எச்சில் நூலாகத் தொங்க, அது தள்ளாடிக்கொண்டே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துவிட்டது.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்ன சிஸ்டர் குடுத்தீங்க?"

"நீங்க குடுத்ததத்தான் குடுத்தேன்!"

பூனையைக் காய்கறிக் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டர் காரில் ஏறினார். பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையில் ஏறிவிட்டார். சிஸ்டரும் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். இறங்கி மாறி உட்கார யாருக்கும் தோன்றவில்லை.

தெரு முனை திரும்பியதும் மேடம் கூடையிலிருந்து குதித்து அவர் காலடியில், சரியாக இரண்டாவது பிரேக்குக்குக் கீழே நுழைந்து சுருண்டுகொண்டது. மாஸ்டர் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். காலை இறக்கினால் பூனை நசுங்கும். இறக்காவிட்டால் எல்லோருமே நசுங்கலாம்.

"சிஸ்டர், எதிர்ல பஸ்!"

"பாத்தேன் மாஸ்டர்."

"சிக்னல்! சிவப்பு! சிவப்பு!"

சிஸ்டர் பிரேக் போட்டார். வண்டி வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே, அலுங்காமல் நின்றது. மாஸ்டர் வாயைப் பிளந்தார். அவர் காலில்லாமல் சிஸ்டர் வண்டியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"என்ன மாஸ்டர் அப்படிப் பாக்கறீங்க? எப்பவும் நான்தானே நிறுத்தறேன்?"

"ஆமாமா. நீங்கதான், நீங்கதான்." சொல்லிவிட்டுக் குனிந்தார். நுரை காய்ந்த மூஞ்சியுடன் மேடம் அவரை அண்ணாந்து பார்த்தது. இத்தனை நாளும் மனைவியின் பூனை என்றுதான் நினைத்திருந்தார். "போயிடாத மேடம். வேணும்னா இன்னொரு சாக்ஸையும் எடுத்துக்கோ," என்றார். சிஸ்டர் கேட்காததுபோல கியரை மாற்றினார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேடத்தை மேஜையில் வைத்து வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஒண்ணும் இல்ல சார். மாத்திரைய ஒடச்சா பயங்கரக் கசப்பு. கசப்பு நாக்குல பட்டா பூனைக்கு நுரை தள்ளும். உள்ள போனதவிட வெளிய வந்ததுதான் ஜாஸ்தி. ஆனா மருந்து விட்டுப்போனதுல இளைச்சிருக்கா. இதுக்குமேல ஒரு வேளைகூட விடாதீங்க."

"எப்படி டாக்டர் குடுக்கறது? டவல், மீன், பொடி, சிரிஞ்ச், எல்லாம் பாத்தாச்சு. தெரிஞ்சுபோயிடுது அதுக்கு."

"தெரியக் கூடாது. அதான் விஷயம்." ஒரு டப்பாவைத் திறந்து கெட்டியான மீன் விழுதை எடுத்தார். மாத்திரையை உடைக்காமல் அதற்குள் புதைத்து, ஸ்பூனில் எடுத்தார். "மொதல்ல பேச்சுக் குடுக்கணும். என்ன மேடம், வீட்ல என்ன விசேஷம்? மாமா நல்லா பாத்துக்கறாரா?" பேசிக்கொண்டே மேடத்தின் தாடையைத் தடவினார். ஸ்பூன் வாய்க்குள் போனது தெரியவில்லை. மேடம் நக்கியது, முழுங்கியது, இன்னும் கொஞ்சம் என்று ஸ்பூனைப் பார்த்தது.

மாஸ்டர் ஷூவைக் கழற்றி உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"முழுங்கிடுச்சு!" சிஸ்டர் கைதட்டினார்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன கைராசி டாக்டர் உங்களுக்கு! இத மொதல்லயே எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தா..."

"அட, இது என் வித்தை இல்ல சார். உங்க வீட்டம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தது."

"என் சம்சாரமா? அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க," என்று டாக்டரம்மா ஸ்பூனைக் கழுவிக்கொண்டே சொன்னார். "உங்க வீட்ல வயசான கடுவன் பூனை ஒண்ணு இருக்காமே? மாத்திரைன்னாலே ரகளை பண்ணுமாம். ரெண்டு வருஷமா தேன்ல கொழைச்சு, ஊர்க்கதை பேசிக்கிட்டே ஊட்டிவிட்டுத்தான் அதோட பிரஷரக் கொறச்சு வெச்சிருக்காங்களாம். பாவம், அம்மா ஊர்ல இல்லையே, இப்ப அதுக்கு யாரு சார் குடுக்கறாங்க?"