சாக்பீஸில் கட்டிய வீடு

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அக்காவும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், நீங்கள் பாதியில் சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டி, அடுத்த வருடம் ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் அங்கே போய்விடுவது என்று நான் முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் முடிவு செய்தோம் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உங்கள் அக்கா அதைத் திருத்திவிட்டாள், அதனால் இங்கேயும் திருத்தி எழுதுகிறேன். ஒரே அறை, மூலையில் சமையல், பின்னால் குளியலறை. வயதான காலத்தில் பெருக்கித் துடைக்க அதுவே அதிகம்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் சரக்கு வருவதற்கு முன்பே தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, எது எங்கே என்று எழுதி வைத்துவிடுவோம். லாரி வந்து நின்ற பிறகு யோசிக்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. அதே மாதிரி, கட்டிவிட்டுக் குறை சொல்வதைவிட முதலில் வாழ்ந்து பார்த்துவிடலாம் என்று, சோபாவை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஹாலில் அந்த வீட்டை முழு அளவில் வரைந்தேன். ஒரு வாரம் இந்தக் கோட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துவோம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் நாளே காய்கறிப் பையோடு சுவர் வழியாக உள்ளே வந்தாள். நான் கத்தவில்லை மச்சான், வாசல் இந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொன்னேன். திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தாள், ஆனால் வந்த விதம் சரியில்லை. மறுநாள் வழக்கம்போல் ஹாலைத் துடைத்ததில் சமையலறை போய்விட்டது. அவசரத்தில் மறுபடி வரைந்தபோது அது கொஞ்சம் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா ஏதோ கேட்க வந்து, நேராகக் குளியலறைக்குள் நின்றுகொண்டு பேசினார். மரியாதைக்காக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, இன்றுவரை அவரும் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் நான் கோட்டுக்குள் இழுத்துப் போட்டிருந்த கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அக்கா இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், எப்படி உட்கார்ந்தாலும் நான்தான் தெரிகிறேனாம். கடைசியில் எழுந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"இந்த வீட்டுல எனக்குக் கோபம் வந்தா நான் எங்க போய் உக்காரணும்?"

"வெளிய மரத்தடியில உக்காந்துக்கோ."

"அங்க மரமே இல்லையே."

நியாயமான பேச்சு. அந்த வாரமே போய் ஒரு கன்று நட்டேன். ஆடு தின்றுவிட்டது. வேறு நடுகிறேன் என்றதற்கு, அது வளர்கிற வரைக்கும் கோபத்தை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டாள். அத்தோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

இதற்கிடையே நிலத்தில் கட்டட வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஹாலில் வரைந்த கோட்டை அளந்து நான் கொடுத்தது உள்ளளவு. கொத்தனார் அதை வெளியளவு என்று எடுத்துக்கொண்டு, சுவர்களை எல்லாம் உள்பக்கமாகவே எழுப்பிவிட்டார். சமையலறை ஏற்கெனவே சுருங்கியது, இதில் இன்னும் சுருங்கிவிட்டது. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கிறது, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருக்கிறது. காவல்காரர் தங்குவதற்கா சார் என்று கொத்தனார் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீடு முடிந்துவிட்டது என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். அதற்கு மட்டும் வாயைத் திறந்து, "நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் போய் இருட்டின பிறகு வீடு திரும்பியே என் காலம் போய்விட்டது. இனியாவது இவளோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பேசலாம் என்று ஆசைப்பட்டுத்தான் அந்த வீட்டையே கட்டினேன். இவள் வராமல் அங்கே நான் யாரோடு பேசுவேன்? நீங்கள் சொன்னால் உங்கள் அக்கா தட்டமாட்டாள். ஒரு நடை வந்து, அத்தானோடு போய் இரு என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எங்கே இருந்தாலும் நிறைவாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: இதை எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் சில நாள் வைத்திருந்ததில் எல்லாம் மாறிவிட்டது, மேலே கேட்டபடி எதுவும் செய்துவிடாதீர்கள். கண்ணால் பார்க்காமலே வேண்டாம் என்கிறாயே, ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயேன் என்று நானே சாவியைக் கொடுத்து உங்கள் அக்காவை அனுப்பி வைத்தேன். காலை பஸ்ஸில் போனவள் திரும்பவே இல்லை. வீடு அருமையாக இருக்கிறதாம், ஒருத்தர் இருக்க அளவெடுத்துக் கட்டினது போல இருக்கிறதாம். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுப் பாய் விரித்துக்கொண்டாளாம், கதவு இப்போது தாராளமாகத் திறக்கிறதாம். பேச்சு மட்டும் திரும்பிவிட்டது. தினமும் அவளே போன் செய்து நன்றாகப் பேசுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க, சாயங்கால பஸ்ஸிலே திரும்பிடலாம் என்று நேற்று என்னை முறையாக அழைத்திருக்கிறாள். சொந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவன் கையில் என்ன வாங்கிக்கொண்டு போவது என்று உடனே தெரிவிக்கவும்.