பொட்டு வைத்த போத்தல்

அதிகம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்கெல்லாம் விதிகளை விளக்குவான். தனக்கு வேண்டிய விதியை மட்டும் பாராமல் பக்கத்தைப் புரட்டிவிடுவான். (என் மனைவி சாந்தி இதை ஒரே சொல்லில் சொல்வாள். அச்சில் போடமுடியாது.)

2006 யூலை. லண்டன் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ், மிளகாய்த்தூள் வாளிக்கு அருகில், முந்தைய செப்டெம்பரில் ஆற்றோரம் பிடுங்கிய பிளாக்பெரிப் பழங்களில் நான் போட்ட வைன் பக்குவமாகியிருந்தது. நூலகத்திலிருந்த வைன் புத்தகங்கள் அத்தனையும் படித்துப் போட்டது. சாந்தியின் அண்ணன், ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன், ஒரு மிடறு குடித்தான்.

"மச்சான், இது வைனில்லை. அச்சாறு போட நல்ல புளிச்ச வினாகிரி."

அன்றே தீர்மானித்தேன். எங்கள் பகுதிக் கோடை விழாவின் வீட்டு வைன் போட்டியில் பரிசு அட்டை வாங்கி, அதை அவன் மூக்குக்கு நேரே பிடிக்கவேண்டும்.

விழாவன்று குடும்பமாகப் புறப்பட்டோம், மச்சானும்தான். வாசலில் சாந்தி போத்தலை வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டாள். புதுக் கார், ரைஸ் குக்கர், மகளின் பரீட்சைப் பேனை, எதுவும் எங்கள் வீட்டில் இதற்குத் தப்பியதில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறது, வெறும் நெத்தியோடையோ போறது?"

கூடாரத்தில் பதிவு மேசையிலிருந்த பெண்மணி போத்தலைப் பார்த்தார். பிறகு சாந்தியின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி போத்தலை. யாருடைய வைன் என்று நடுவருக்குத் தெரியக்கூடாது, அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது, துடைத்தால் சேர்த்துக்கொள்வேன் என்றார், மிக மரியாதையாக.

"அப்பா, ரூல்ஸ் எல்லாம் நீங்கதானே எங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்கள்?" என்றாள் மகள்.

நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ! பொட்டழிக்கிறதெண்டால் முதல்லை நீங்கள் சாகவேணும்!"

"பரிசு கிடைக்குமெண்டால் மச்சான் அதுக்கும் ஓமெண்டுவான்," என்று என்னைக் காட்டிச் சிரித்தான் சாந்தியின் அண்ணன். சாந்தி அவனை ஏசத் திரும்பிய இடைவெளியில் அவசரமாகத் துடைத்தேன். வியர்வைக் கையில் குங்குமம் குழைந்து போத்தல் முழுவதும் பரவி, என் வெள்ளைச் சட்டையின் மார்பிலும் இறங்கியது. முதலுதவிக்காரர் பேண்டேஜோடு ஓடிவந்தார். (அவர் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றியது பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.)

போத்தல் போட்டிக்கு வெளியே, மேசையின் கோடியில் நிறுத்தப்பட்டது. நடுவர் ஒரு வயதானவர். அதுவரை ஒவ்வொரு வைனையும் ருசிபார்த்து வாளியில் துப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் எங்கள் போத்தலிடம் வந்தார். ஊற்றினார். விழுங்கினார். இன்னொரு தரம் ஊற்றினார். பிறகு ஒரு அட்டையில் எழுதி வைத்தார்:

"விதிக்குப் புறம்பானது. மீதியை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?"

அட்டையை மச்சானின் மூக்குக்கு நேரே பிடித்தேன். இரண்டு தரம் வாசித்தான்.

"ஓம், வினாகிரியை ஒருத்தரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகாயினம்," என்றான்.

இன்றும் நான் எந்த விதியை விளக்கத் தொடங்கினாலும் மகள் கேட்பாள்: "அப்பா, பேண்டேஜ் எடுக்கட்டோ?" அட்டை சட்டம் போட்டு எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. கண்ணாடியின் மேல் சாந்தி வைத்த பொட்டு.

அதை நான் தொடுவதில்லை.