விரல் அண்ணாச்சியும் குரங்குத் துப்பாக்கியும்

விரல் அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத ஆள் திருநெல்வேலியில் யாராவது இருந்தால், அவர் கைக்குழந்தையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டே ஓடிப்போனவராக இருக்க வேண்டும். நான் ஒருவன் வாங்கியதை மட்டும் முழுசாக எழுதினால் இந்தப் பத்திரிகையில் மூன்று வாரத்துக்கு வேறு எதற்கும் இடம் இருக்காது. அச்சில் ஏற்றக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

பேட்டையில் பட்டறைகள் இருக்கிற ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு ஏர்கன் ரிப்பேர் பார்த்தார் அண்ணாச்சி. திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரர்களும், பறவை விரட்டுகிற தோப்புக்காரர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். வேலையில் கெட்டிக்காரர். சிக்கலெல்லாம் வேலை முடிந்த பிறகுதான்.

துப்பாக்கியை நம் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்க மாட்டார், ஆள்காட்டி விரலைப் பார்ப்பார். மனிதனின் விரலுக்கு வெட்கமே கிடையாது. துப்பாக்கி கைக்கு வந்ததும் தானாகப் போய் விசையில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததுதான் தாமதம்.

"விரலு! விரலு! எங்கவே போவுது அந்த விரலு? மாமியா வீட்டு நாற்காலியா அது, போன ஒடனே ஒக்காருததுக்கு?"

பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவார். "அடுத்த வெள்ளிக்கிழம வாரும்."

விசையில் விரல் வைக்காமல் வாங்கத் தெரிகிற வரைக்கும் துப்பாக்கி கிடைக்காது. பலூன் கடைக்காரர் ஒருவர் தேரோட்டம் முடிகிற வரை துப்பாக்கி கைக்கு வராமல், ஜனங்களைப் பலூன்மேல் கல்லெறிய விட்டுப் பிழைத்தார். பாளையங்கோட்டை வக்கீல் ஒருவர் கொட்டகையில் நின்று அரைமணி நேரம் சட்டம் பேசினார். பேசி முடிக்கிற வரை விரல் விசையிலேயே இருந்தது. ஆறு வாரம் அலைந்தார்.

துப்பாக்கியோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. வண்ணார்பேட்டை சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்தவர், கடைக்காரர் தண்ணீர் பீச்சும் பாட்டிலைப் பிடித்திருந்த விதத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாதித் தலையோடு எழுந்து நின்று கத்தினார். மீதித் தலையை அவர் எங்கே வெட்டிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

ஏன் இந்த வெறி என்று பேட்டையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நானே ஒருநாள் கேட்டேன். "உமக்கு வேற சோலி இல்லியா?" என்றார். அதோடு சரி.

தொண்ணூறுகளின் நடுவில் என் மைத்துனன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தான். என் மாமனார் வீடு அம்பாசமுத்திரம் பக்கம், ஆற்றங்கரையில். அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம். ஓட்டைப் பிரிக்கும், வடகத்தை அள்ளும். மாமனாரின் மூக்குக்கண்ணாடியைக்கூட ஒரு தடவை தூக்கிக்கொண்டு போனது. அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். குரங்கை அடித்தால் பாவம் என்று கல்லைக்கூடத் தொடமாட்டார்.

அதற்கு மருந்தாக மைத்துனன் கொண்டுவந்தது பெயிண்ட்பால் துப்பாக்கி. காற்றுச் சிலிண்டரை மாட்டி விசையை இழுத்தால் சாய உருண்டை பறந்து போய் உடையும். "அங்க இதத் துப்பாக்கின்னே சொல்ல மாட்டாங்க அத்தான், மார்க்கர்னுதான் சொல்லுவாங்க. தொட்டாப் போதும், ரெண்டு உருண்டை சேந்து போவும்" என்று பெருமையடித்தான்.

மாமனார் கேட்டது ஒரே கேள்வி. "என்ன கலர்?"

"ஆரஞ்சுப்பா."

"அப்ப செந்தூரம் மாதிரிதான். அடிச்சாத்தான்டா பாவம். செந்தூரம் பூசுனா தோஷம் கெடையாது."

முதல் குண்டு ஒரு குரங்கின் முதுகில் பட்டது. அது ஓடிப்போய்க் கோயில் மதிலில் உட்கார்ந்தது. முதுகெல்லாம் செந்தூரத்தோடு உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்து ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பழம் கொடுத்தார்கள். மறுநாள் அது சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வந்தது.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த உருண்டைகள் பார்க்க ஆரஞ்சு மிட்டாய் மாதிரியே இருக்கும். துப்பாக்கிக்குள் மிட்டாய் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். எங்கே வைத்தாலும் போய்க் குழாய் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்தோம் என்று எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

துப்பாக்கியில் காற்றுக் கசிந்தது. மஞ்சப்பையில் போட்டு பேட்டைக்கு எடுத்துப்போனேன். அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கஸ்டம்ஸ்ல என்னன்னு சொல்லிக் கொண்டாந்தான்?"

"பெயிண்ட் அடிக்கிற மிஷின்னு."

"அப்ப செவுத்துக்கு அடிக்கச் சொல்லும். விசையப் பாத்தீரா? ஈ ஒக்காந்தா வெடிக்கும். எந்தக் கூறுகெட்டவன்வே இத இப்படி இளக்குனது?"

"சட்டப்படி இது துப்பாக்கியே கிடையாதாம் அண்ணாச்சி."

"சட்டம் எனக்குத் தெரியாது. கண்ணுல பட்டா இது துப்பாக்கிதான்."

அவரைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில், மகள் மிட்டாய் தேடுகிற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஸ்பேனர் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

"பிள்ள ஓட்டைல கண்ண வச்சுப் பாக்கா, நீரு பல்லக் காட்டிட்டு நின்னீராக்கும்? நீருல்லாம் ஒரு தகப்பனாவே?"

அந்த வெள்ளிக்கிழமை போனேன், விரல் விசைக்குப் போனது. மறு வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, அதே கதை. மாமனார் வீட்டில், ஒரு பொருளை வாங்கிவரத் துப்பில்லாத மாப்பிள்ளை ஆனேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மைத்துனன் போலீசில் எழுதிக்கொடுப்பதாகக் கிளம்பினான். நானும் போனேன்.

"என்ன பொருள் தரமாட்டேங்கான்?" என்று கேட்டார் ரைட்டர்.

"துப்பாக்கி சார்."

"லைசென்ஸ் எங்க?"

"ஐயையோ, இது பொம்ம சார்."

ரைட்டர் பேனாவை மூடினார். "பொம்மயக் குடுக்கலன்னு அழுதுக்கிட்டு டேசனுக்கு வந்தியளா?" துப்பாக்கி என்றால் நாங்கள் உள்ளே, பொம்மை என்றால் நாங்கள் வெளியே. வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். என் ஆள்காட்டி விரலைச் சுற்றி முழுசாக ஒரு துணிக்கட்டுப் போட்டு அனுப்பினாள். பருத்த விரல் விசை வளையத்துக்குள் நுழையவே இல்லை. அண்ணாச்சி கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காயம் ஒண்ணும் இல்லல்லா? தெரியும். புத்தி இல்லன்னாலும் கட்டாவது இருக்கே. கொண்டுபோரும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் விசையை இரும்பு மாதிரி இறுக்கியிருந்தார். போதாததற்குக் குழாயின் வாயில் பித்தளையில் கெட்டியாக ஒரு மூடி செய்து திருகிவிட்டிருந்தார். அதைக் கழற்றுகிற சாவி அவரிடம்தான் இருந்தது. சுட வேண்டுமென்றால் பேட்டைக்குப் போய் அவரைக் கேட்க வேண்டும். அதுவரை குரங்கு காத்திருக்குமா?

மைத்துனன் உருண்டையைப் போட்டு, சிலிண்டரை மாட்டி, இடுக்கியை வைத்து மூடியோடு மல்லுக்கட்டினான். அசையவில்லை. "உங்க ஊரும் வேண்டாம், உங்க மெக்கானிக்கும் வேண்டாம்" என்று சிலிண்டரைக் கழற்றி எறிந்தான். மறுநாள் விமானம் ஏறிவிட்டான். சிலிண்டர் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்தான் என்று நான் நினைத்தேன். உள்ளே ஒரு உருண்டையும், அதைத் தள்ளுகிற அளவுக்குக் காற்றும் மிச்சம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்லக்கூடிய ஒரே ஆளின்மேல் நான் கோபத்தில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு, மாமனாரிடம் அண்ணாச்சியின் அநியாயத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். "விசைய எப்படிக் கெடுத்து வச்சிருக்காரு பாருங்க மாமா, இழுக்கவே முடியாது" என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்த்தபடியே பலம் கொண்டமட்டும் இழுத்தேன்.

பட்டென்று வெடித்தது.

திரும்பிப் பார்த்தேன். குழாயின் முனையில் என் மகள். பித்தளை மூடிமேல் வலது கண்ணை ஒட்டவைத்து மிட்டாய் தேடிக்கொண்டிருந்தாள். மூடியின் ஓரமெல்லாம் ஆரஞ்சுச் சாயம் கசிந்து சொட்டியது. அவள் கன்னத்திலும் ஒரு சொட்டு. "மிட்டாய் ஒடஞ்சு போச்சுப்பா" என்று அழுதாள். மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில் இல்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"பிள்ளய இங்கன கூட்டிட்டு வாரும்."

கூட்டிப்போனேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் முன்னால் அவளை நிறுத்தினார். இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். "பைய வாசி தாயி. என்ன நம்பர்?"

"பதினேழு."

வலது கண்ணைப் பொத்தினார். "இப்ப?"

"பதினேழு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தாளைக் கிழித்தார். பதினெட்டு. மறுபடி வலது கண், மறுபடி இடது கண். இன்னொரு தாள். என் மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்தக் கொட்டகையில் அடுத்த வாரம் பிறந்த பிறகுதான் கிழிப்பதை நிறுத்தினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாங்கள் கிளம்புகிற வரை எதையோ அராவிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸில் எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள். இரண்டு கண்ணைச் சுற்றியும் அண்ணாச்சியின் கை கிரீஸ் கரேலென்று அப்பியிருந்தது. பக்கத்துச் சீட்டு அம்மாள் துடைக்கச் சொல்லித் தன் கைக்குட்டையைக்கூட நீட்டினாள். எனக்குத்தான் துடைக்க மனம் வரவில்லை.