புதன்கிழமை மதியத்து டப்பா

"ரெண்டு ஸ்குரூவுக்குப் பதினஞ்சாயிரத்து ஐந்நூறு ரூபாயா?" என்று பகலவன் கத்தினான்.

எழிலரசி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு சிவப்பு அட்டையின் பின்பக்கத்தில் அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கம்பெனியில் தேறாத சரக்கின் மேல் கட்டுகிற அட்டை அது.

"இன்னா ஸ்குரூ?"

"நீல டப்பா நாப்பத்தாறாயிரம். வெள்ளை டப்பா அறுபத்தொண்ணரை. போர்டு ரெண்டு லைனுக்கும் ஒரே டிரேல இருந்துதான் போவுது. மெமரியும் அதேதான், பேட்டரியும் அதேதான். நீலத்துக்குப் பதினோரு ஸ்குரூ, வெள்ளைக்குப் பதிமூணு. அப்போ ஒரு ஸ்குரூ ஏழாயிரத்து எழுநூத்தம்பது!"

"அப்போ நீலத்தையே வாங்கிடுங்க."

"ரெண்டு ஸ்குரூ கம்மியா கீதே, எழிலு!"

எழிலரசி பதில் சொல்லவில்லை. இந்த வீட்டில் அவளுடைய மௌனங்களுக்குப் பல நீளங்கள் உண்டு. இது நடுத்தர நீளம்.

ஒரகடத்தில் பகலவன் வேலை பார்த்த கம்பெனியில், எதிரெதிர் நிறுவனங்கள் இரண்டின் மடிக்கணினிகள் ஒரே கூரையின் கீழ் தயாராயின. மூன்றாம் லைன் ஒருவருடையது, நான்காம் லைன் மற்றவருடையது. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். இங்கே ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர்கள் கையால் பிறந்து, ஒரே லாரியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகும். உள்ளே யாரும் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டப்பாவின் நிறம்தான் பெயர்.

பகலவனுக்குக் கடைசிச் சோதனையில் வேலை. அவன் முத்திரை எண் 118. ஒரு ஷிப்டுக்கு நானூறு கம்ப்யூட்டர்களைப் பார்ப்பான். வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தவனுக்கு ஒன்றின் மேலும் நம்பிக்கை வரவில்லை.

இப்போது ஒன்று வாங்கியே ஆக வேண்டும். எழிலரசி டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இயந்திர வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து ஏழு வருடமாக வீடு. பாலிடெக்னிக்கில் கூடப் படித்த, பகலவன் இன்னும் நேரில் பார்த்திராத மெர்சி, தண்டலத்துக்குக் குடிவந்த கையோடு ஒரு செய்தி சொன்னாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டிசைன் ஆபீஸ், வீட்டிலிருந்தே வரையலாம், ஆள் தேடுகிறார்கள். போன மாதம் நேர்காணல் முடிந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரு மாதிரிப் படத்தைச் சொந்தக் கணினியிலிருந்து வரைந்து அனுப்பினால் வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு.

இன்று புதன்கிழமை.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் வாங்கப் போனீங்க ஞாபகம் கீதா?" என்றாள் எழிலரசி.

"இன்னா அதுக்கு?"

"மார்ச்சுல பாக்க ஆரம்பிச்சீங்க. வாங்குனப்போ மழை."

பகலவன் கணக்கை மறுபடி முதலிலிருந்து கூட்டினான். மிக்சியைப் பற்றியும் அவள் சொல்லியிருக்கலாம். வாங்கி வந்த அன்றே உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்கத் திறந்தான். அதற்கப்புறம் அது சுற்றவே இல்லை.

வியாழக்கிழமை டீ நேரத்தில் முப்பிடாதியிடம் கேட்டான். தென்காசிக்காரன். நான்காம் லைனில் ஸ்குரூ முடுக்குகிறவன்.

"எதை வாங்கலாம், முப்பிடாதி?"

"அண்ணாச்சி, நான் முடுக்குன ஸ்குரூவை நானே நம்ப மாட்டேன். எங்கிட்டப் போய் கேக்கீகளே!" முப்பிடாதி டீயை ஊதினான். "ஒண்ணு சொல்லுதேன், பாத்துக்கிடுங்க. நீலமா வெள்ளையாங்கிறது கணக்கே இல்ல. என்னைக்குச் செஞ்சதுன்னு பாருங்க. புதன்கிழமை மத்தியானத்துச் சரக்கை மட்டும் தொட்டுராதீக."

"ஏன்?"

"புதன்கிழமை கேன்டீன்ல என்ன போடுதாக?"

"பிரியாணி."

"ரெண்டு மணிக்கு மேல லைன்ல ஒருத்தனாவது முழிச்சிருக்கானா?"

பகலவனின் கண்கள் விரிந்தன. எத்தனை எளிமை! டப்பாவின் ஓரத்து எண்ணிலேயே லைன், நாள், ஷிப்ட், மணி எல்லாம் இருக்கிறது. வெளியாட்களுக்கு அது வெறும் எண். உள்ளே வேலை செய்கிறவனுக்கு ஜாதகம்.

சாயங்காலம் துள்ளிக்கொண்டு கிளம்பினான்.

"வாலாஜாபாத்ல லோகேஷ் கடைக்குத்தானே? ஆறு மணிக்குப் போங்க, அப்போதான் கடையில இருப்பாராம்" என்றாள் எழிலரசி. "புடிச்சிருந்தா போன் பண்ணுங்க, பணத்தை அனுப்பறேன்." சேமிப்பெல்லாம் அவள் கணக்கில்தான் இருந்தது.

லோகேஷ் ஒல்லியான ஆள். சுறுசுறுப்புக்காரன். முதல் டப்பாவைச் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தான்.

"வெள்ளை. சூப்பர் மாடல், அண்ணா."

பகலவன் எண்ணைப் படித்தான். "வேணாம். திங்கக்கிழமை, காலையில முதல் ஷிப்ட். எல்லாம் ஊர்ல இருந்து ராத்திரி பஸ்ல நின்னுக்கினே வந்தவனுங்க."

லோகேஷின் சிரிப்பில் கால்வாசி குறைந்தது. அடுத்தது நீலம்.

"இது மாசக் கடைசி. டார்கெட் முடிக்க விரட்டிக்கினே இருப்பாங்க. வேணாம்."

மூன்றாவது டப்பாவைப் பார்த்ததும் பகலவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். "ஐயையோ! புதன்கிழமை மத்தியானம், ரெண்டே கால் மணி!"

"அதுக்கு இன்னா, அண்ணா?"

"பிரியாணி!"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். பில் போட்டு முடித்துக் கிளம்பிய ஒரு பெரியவர் தன் டப்பாவை நீட்டினார். "தம்பி, இது என்னிக்கிதுன்னு கொஞ்சம் பாரு."

பார்த்திருக்கக் கூடாது. பகலவன் பார்த்தான். பொய் சொல்லவும் வரவில்லை.

"இதுவும் புதன்தாங்க."

பெரியவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. லோகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணா, உன் கால்ல விழறேன். ஏதாவது ஒண்ணை நல்லா கீதுன்னு சொல்லு. இல்லன்னா ஷட்டரை எறக்கிட்டு நான் இட்லிக் கடைதான் வைக்கணும்."

ஒன்பதாவது டப்பா. நீலம். பகலவன் எண்ணை ஒருமுறை படித்தான். இன்னொருமுறை படித்தான். உடம்பு சிலிர்த்தது.

"செவ்வாய்க்கிழமை! காலை பத்து மணி! போன மாசம் நாலாம் தேதி. அன்னிக்கு சூப்பர்வைசர் லீவு! விரட்ட ஆளே இல்ல, அவனவன் பொறுமையா செஞ்சான்! இதுதான்யா டப்பா! இதை மாதிரி இன்னொண்ணு கெடைக்காது!"

அடுத்த நொடி டப்பா அவன் கையில் இல்லை. ஊதா நிற ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத ஒரு பெண் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு. பில் போடுங்க."

"ஏம்மா! நான் பாத்த டப்பா அது!"

"பாத்தீங்கண்ணா. வாங்கலையே." போனை நீட்டிப் பணம் கட்டினாள். ஸ்கூட்டர் கிளம்பிப் போன சத்தமும் கேட்டது.

பகலவன் எழிலரசிக்குப் போன் போட்டான். "ஒண்ணே ஒண்ணுதான் எழிலு, தங்கம் மாதிரி. எவளோ தூக்கினு போயிட்டா!"

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"போனாப் போவுது. வூட்டுக்கு வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை விஷயம் இன்னும் மோசமானது. ஷிப்ட் முடித்து ஸ்ரீபெரும்புதூர் கடைகளுக்குப் போனான். முதல் கடைக்காரர் அவன் முகத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் லோகேஷ் அவன் படத்தைப் போட்டிருந்தான். கீழே ஒரு வரி: 'இவர் டப்பாவைப் படிக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள்.'

நான்கு கடைகளிலும் அதே வரவேற்பு.

சரி, மேசைக் கணினியை உதிரிகளாக வாங்கி ஒன்றாகச் சேர்க்கலாம் என்று சிவப்பு அட்டையில் நீலம், வெள்ளைக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கணக்குப் போட்டான். முப்பத்திரண்டாயிரம்தான். ஆனால் பத்து உதிரி, பத்து ஊர் கம்பெனி. அந்தக் கேன்டீன்களில் எந்தக் கிழமை என்ன சமைக்கிறார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? அட்டையைக் கிழித்துப் போட்டான்.

வீட்டில் எழிலரசி இல்லை. இரண்டு நாளாகவே மெர்சி வீட்டுக்குப் போய், மறந்துபோன மென்பொருளைப் பழகிவிட்டு வருகிறாள். படம் போடக் கை தயார். கணினிதான் இல்லை.

வழியில்லாமல் லோகேஷுக்கே போன் செய்தான்.

"கடைப் பக்கம் மட்டும் வந்துடாதண்ணா" என்றான் லோகேஷ். "புதனும் இல்லாம, திங்களும் இல்லாம, மாசக் கடைசியும் இல்லாம நெறத்துக்கு ஒண்ணு நானே எடுத்துக்கினு வூட்டுக்கு வரேன். ஒண்ணை வச்சிக்கோ. ஆனா வெளிய யார்கிட்டயும் பேசாத."

சனிக்கிழமை மாலை நாலரைக்கு வடக்குப்பட்டில் பகலவன் வீட்டு வாசலில் லோகேஷின் வண்டி வந்து நின்றது. நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. எழிலரசி ஒரு மூலையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கப் பகலவனுக்கு வியர்த்தது.

நீலத்தைப் பிரித்துக் கவிழ்த்தான். அடியில் சோதித்தவரின் முத்திரை. 76.

"சண்முகசுந்தரம்" என்று முனகினான். "கண்ணாடி மாத்தணும்னு ஆறு மாசமா சொல்லிக்கினு கீறாரு."

வெள்ளையைக் கவிழ்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாண்ணா?" லோகேஷுக்குப் பதற்றம்.

"118."

"அது யாரு?"

"நான்."

"அப்பாடா!" லோகேஷ் குதித்தான். "நீயே பாத்த சரக்கு! இதை விட இன்னா வேணும்?"

"வேணாம். நீலத்தையே குடு."

"கண்ணு தெரியாதவரு பாத்தது பரவால்ல, நீ பாத்தது வேணாமா?"

பகலவன் வெள்ளையின் முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்:

"தேதியைப் பாரு. அன்னிக்குத்தான் எழிலுக்கு இன்டர்வியூ. உள்ள போயிட்டாளா, இன்னா கேட்டாங்கன்னு போனையே பாத்துக்கினு இருந்தேன். அன்னிக்கு நானூறு பீஸ் பாத்தேன். ஒண்ணையும் பாக்கல."

எழிலரசியின் கத்தி நின்றது. தலை நிமிர்ந்து முதல் முறையாக அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ வந்து, உதடு அசைந்து, மறுபடி அடங்கியது.

மணி ஐந்து இருபது.

பகலவன் சட்டென்று எழுந்தான். "எது வேணா இருக்கட்டும்! இனிமே பாக்க நேரமில்ல. வெள்ளை! அறுபத்தொண்ணரை! எழிலு, பணத்தை அனுப்பு. ஆன் பண்ணு. நாப்பது நிமிசத்துல வரைய முடியுமா? முடியும். நீ முடிப்ப!" வாழ்க்கையில் முதன்முறையாக நம்பிக்கை வராமலே ஒரு பொருளை வாங்கத் துணிந்தான்.

"பணம் இல்லியே" என்றாள் எழிலரசி.

"இன்னா?"

"கணக்குல பணம் இல்லீங்க."

லோகேஷ் மெதுவாக டப்பாக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஏழு வருடம் வீட்டில் காத்திருந்தவளின் வேலை, ஒரு சிவப்பு அட்டையாலும் ஒரு பிரியாணியாலும் போயிற்று.

"என்னாலதான்" என்றான். "எல்லாம் என்னாலதான், எழிலு."

"ஆமா, உங்களாலதான்" என்றாள் அவள். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவன் நினைத்தான்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. தோளில் கருப்புப் பையும் கையில் இனிப்புப் பெட்டியுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். தலையில் ஊதா ஹெல்மெட். அதைக் கழற்றிக்கொண்டே பகலவனையும், லோகேஷையும், இரண்டு டப்பாக்களையும் பார்த்தாள். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழிலரசியிடம் சொன்னாள்:

"ஏண்டி எழிலு, படத்தை அனுப்பி வேலை உறுதியாகிற வரைக்கும் கம்ப்யூட்டர் இவரு கையில சிக்கக் கூடாதுன்ன, சரி. அதான் நேத்தே என் வூட்டுல வரைஞ்சு அனுப்பி வேலையும் கெடைச்சிடுச்சே! இவரு எதைப் பாத்து 'இதுதான்யா டப்பா'ன்னு கத்துறாரோ அதை அப்படியே தூக்கினு வந்துடுன்னு, உன் பணத்தைக் குடுத்து இந்த மெர்சியைக் கடைக்கு அனுப்புனதை நீ இன்னும் சொல்லலியா?"