சம்பந்தி வந்த ஞாயிறும் வெடித்த பச்சை ஒயினும்

பிரான்ஸில் லியோன் நகரிலிருக்கும் அன்பு அக்கா தெயோலிந்தாவுக்கு, போர்ச்சுகலின் லீமா ஆற்றங்கரையிலிருந்து தம்பி பெல்மீரு வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தான் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நேற்று மத்தியானத்திலிருந்து இருந்த இடத்தில் இல்லை.

நம் பெண் லியோனோரைத் துவார்த்துக்குப் பேசி முடிக்க, அவனையும் கூட்டிக்கொண்டு அவனுடைய அப்பாவும் அம்மாவும் தெற்கே அலெந்தேஜுவிலிருந்து வந்தார்கள். அப்பா எர்மீனியு தீயணைப்புப் படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும்போதுகூட விறைப்பாகத்தான் உட்காருகிறார். அம்மா பெலிஸ்மினா வாயைத் திறப்பது சாப்பிட மட்டும். மாடியில் சாப்பாட்டு மேசை போட்டு, சுட்ட மத்தி மீனும் சோள ரொட்டியும் வைத்து, நம் தோட்டத்துச் சிவப்பு ஒயினை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் நுரை தளும்ப ஊற்றி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். முகம் பிழிந்த துணியாகிவிட்டது.

“என்ன சம்பந்தி இது? ஊறுகாய்க்கு ஊத்துறதா?”

“பச்சை ஒயின், சம்பந்தி.”

“கன்னங்கரேல்னு இருக்கு, பச்சைங்கிறீங்க?”

“பச்சைங்கிறது நிறம் இல்லீங்க, வயசு. இளசா இருக்கும்போதே குடிச்சிரணும்.”

“எங்க ஊர்ல இளசை வளர விடுவோம்.”

அக்கா, அப்பா மட்டும் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அந்த ஆள் படி இறங்கியிருக்க மாட்டார், உருண்டிருப்பார். நான் பெண்ணைப் பெற்றவன். பல்லைக் கடித்துக்கொண்டு, “உங்க ஊர்க் கெட்டி ஒயினைக் குடிக்கக் கத்தியும் முள்கரண்டியும் வேணுமே”ன்னு மட்டும் சொன்னேன். லியோனோர் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நிலைமை சூடாவதைப் பார்த்த என் வீட்டுக்காரி ஒலிம்பியா, சம்பந்தியம்மா ஊருக்கு எடுத்துப்போக நாலு குலை அறுத்து வருகிறேன் என்று முற்றத்தில் ஏணி போட்டுத் திராட்சைப் பந்தலில் ஏறினாள். நம் பந்தலின் உயரம்தான் உனக்குத் தெரியுமே, அடியில் மாட்டுவண்டியே போகும்.

அப்போதுதான் வந்தது முதல் ‘டமார்’! காலடியில், கீழ்த்தள ஒயின் அறையில். இந்த வருஷம் நுரை தூக்கலாக இருக்கட்டுமே என்று லொரெய்ரு திராட்சையின் வெள்ளை ஒயினைப் பொங்கி அடங்குமுன்பே பாட்டிலில் அடைத்திருந்தேன். வெயில் ஏற ஏற அது உள்ளேயே கொந்தளித்திருக்கிறது போல. ஒன்று வெடித்ததும் பக்கத்துப் பாட்டில், அதற்குப் பக்கத்துப் பாட்டில் என்று திருவிழா வாணவேடிக்கை கெட்டது போ! எர்மீனியு எழுந்து நின்று, “கேஸ் சிலிண்டர்! எல்லாரும் வெளியே!” என்று கத்தி, என்னைச் சட்டைக் காலரோடு தூக்கிக்கொண்டு படியிறங்கி முற்றத்தில் போட்டார். நான் “ஒயின், ஒயின்” என்று கத்துகிறேன், “இந்த நேரத்துலயும் குடியா?”ன்னு அதட்டுகிறார். திரும்பிப் பார்த்தால் பெலிஸ்மினா மாடியிலேயே இருக்கிறாள். அவ்வளவுதான், கேப்டன் பாய்ந்து ஏணியை உருவிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். அந்த ஏணியின் உச்சியில் யார் நின்றது? என் பெண்டாட்டி! பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் அந்தரத்தில் ஆட, அவள் என் பரம்பரையையே, அதாவது உன்னையும் சேர்த்து, திட்டிக்கொண்டிருந்தாள்.

“குதி பெலிஸ்மினா, நான் பிடிச்சுக்கிறேன்!”

“நீங்க போங்க. மீன் இன்னும் முடியல.”

நானும் துவார்த்தும் ஒலிம்பியாவைக் காலைப் பிடித்து இறக்கினோம். அவள் தரையைத் தொட்டதும் செய்த முதல் காரியம், மடியில் செருகியிருந்த குலையைச் சம்பந்தி மேல் வீசியது. “வெடிக்கிற வீட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்!” என்றார் அவர். “என் பொண்டாட்டிய அந்தரத்துல விட்டவன் குடும்பத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்!” என்றேன் நான். காரில் ஏறிப் போய்விட்டார்கள். எவ்வளவு ஆசையாகப் பார்த்த சம்பந்தம்! லியோனோர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள், பாவம்.

ஆகவே கல்யாணம் நின்றுவிட்டது. நீ டிக்கெட் எடுக்காதே, புதுச் செருப்பும் வாங்காதே. அங்கே நம் ஊர்க்காரர்களிடமும் பக்குவமாகச் சொல்லிவிடு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் எல்லோரையும் சம்பந்திகளிடமிருந்து காப்பாளாக.

இப்படிக்கு, ஆடிப்போன உன் தம்பி,
பெல்மீரு

பி.கு.: உறையில் போடப்போகும்போது லியோனோர் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். “எப்படிப்பா நிறுத்துவீங்க? நானும் துவார்த்தும் லியோன்ல வேலை பாத்தப்பவே எங்க கல்யாணம் முடிஞ்சிருச்சே!” என்கிறாள். யாரடி முன்னால் நின்று நடத்தியது என்று கேட்டால், உன் பேரைச் சொல்கிறாள்! அக்கா, நீயா? பெற்றவன் நான் இங்கே உயிரோடு இருக்க, நீயா? சரி, முடிந்தது முடிந்துவிட்டது, நான் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் போடு: விருந்தில் என்ன ஒயின் ஊற்றினாய்? பிரெஞ்சு ஒயின் என்று மட்டும் எழுதிவிடாதே, தாங்க மாட்டேன்.