வெள்ளைப் பக்கத்தில் ஒரு சோபா

இனி இந்த வீட்டில் எது அழகு என்று தீர்மானிப்பவன் நான்தான். திங்கட்கிழமை இப்படி அறிவித்தேன். அப்போது மனைவி அறையில் இல்லை என்பது வேறு விஷயம்.

அவள் ஓவியர். நான் வெப்சைட் செய்து பிழைப்பவன். வெள்ளிக்கிழமை ஒரு கேலரிக்காரர் அவளுடைய வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, கண்காட்சிக்கு இடம் தருவதா வேண்டாமா என்று சொல்வார். அவளுக்கு நாற்பது படமும் வேண்டும். எனக்கு வெள்ளைப் பக்கம், ஐந்தே படம்.

"அப்போ நீங்க சோபாவுல தூங்குற படம்?"

"வாயைப் பொளந்துட்டுக் கிடக்கேன். ஊரே பாக்கணுமா?"

"அப்படியே நீங்கதான்னு எல்லாரும் சொன்னாங்க."

"அதான்டி பிரச்னையே!"

"சரி, உங்க இஷ்டம்."

பதினேழு வருஷத்தில் அவள் வாயில் வராத வார்த்தை.

செவ்வாய் மதியம் பக்கத்தைத் திறந்தேன். நான் போட்டிருந்த ஐந்து படங்களையும் காணோம். வெள்ளைக்கு நடுவே அந்தச் சோபா படம் மட்டும். அதில் எனக்கு ஒரு கண் திறந்திருந்தது.

நீக்கினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். புதன்கிழமை இரண்டு கண்ணும் திறந்து என்னையே பார்த்தன. இந்த முறை இருபத்திரண்டு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தேன்.

"ஏம்மா, நீ எதையாவது தொட்டியா?"

"உங்க பூட்டு, உங்க சாவி. எனக்கென்ன தெரியும்?" என்று பிரஷ்ஷைக் கழுவினாள்.

வியாழக்கிழமை படத்தில் சோபா காலி. ஆள் கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது. ஹாலுக்கு ஓடினேன். நிஜச் சோபாவிலும் அதே பள்ளம். வருஷக்கணக்காக நானே உருண்டு உண்டாக்கிய பள்ளம்தான். ஆனாலும் அதில் உட்கார அன்று தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. படத்தில் என் அறை. முதுகைக் காட்டியபடி ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அன்று நான் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டை. கதவருகே, சோபாவிலிருந்து எழுந்து வந்த ஆள் நின்றிருந்தான்.

என் முதுகுக்குப் பின்னால் கதவு முனகியது.

நாற்காலியோடு திரும்பினேன். மனைவி, வரையும் பலகையும் பென்சிலுமாக.

"கேலரிக்காரர் தினமும் பாத்துட்டுதான் இருந்தாராம். மாறிட்டே வர்ற படம் பிரமாதம்னு இடம் குடுத்துட்டாரு. கடைசிப் படம் ஒண்ணுதான் பாக்கி."

"பாஸ்வேர்டு உனக்கு எப்படி..."

"ஒவ்வொரு எழுத்தா சத்தமா சொல்லிட்டே தட்டுனா, பக்கத்து ரூம்ல கேக்காதா? இன்னைக்குச் சட்டையும் நான் எடுத்து வச்சதுதானே. அசையாதீங்க. இந்த முழிக்காகத்தான் நாலு நாளா பாடுபடுறேன்."