கடைசி அடியில் என் பெயர்

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என் தலைவிதி கெட ஆரம்பித்தது. ஐந்தரை என்பது டோக்கியோ நேரம். ஜப்பான்காரன் வந்ததும் பினாங்கின் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டிருந்தான். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் என் மனைவி பரமேஸ்வரி யாரையும் தொட விடவில்லை. ஆகவே நான் தெருவில் அழியத் தொடங்கிய அந்த நேரத்தில், வீட்டுக்குள்ளே மணி நாலுதான். (எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேர நிம்மதி பாக்கி இருந்தது என்று அவள் இன்றும் வாதாடுவாள்.)

அலுவலகம் விட்டு, கப்பித்தான் பள்ளிவாசல் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். முனியாண்டியின் முடிவெட்டும் கடைக்குள்ளிருந்து ஒரு பாட்டு வந்தது. முனியாண்டி கத்தியைத் தீட்டிக்கொண்டே அடியெடுத்துக் கொடுக்க, காத்திருந்தவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள்.

"மரவள்ளி மரவள்ளி, மூணு வேளையும் மரவள்ளி,
மருமகன் வந்தாலும் மரவள்ளி – எங்க
அரிசியெல்லாம் எங்கே போச்சு, சொல்லடி வள்ளி!"

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரன் காலத்திலும் கிராணி, ஜப்பான்காரன் காலத்திலும் கிராணி. கிராணிமார் தெருவில் தலையாட்டக் கூடாது. ஆனாலும் என் விரல்கள் குடைப்பிடியில் தாளம் போட்டன. அடுத்த அடி வந்தது.

"வாளைத் தொங்க விட்ட தொரைக்கு வடிச்ச சோறு,
வரிசையிலே நின்ன எனக்குச் சுண்ணாம்புச் சாறு!"

சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சிரித்தும்விட்டேன். இதை எழுதிய மடையனை எனக்குத் தெரியும்; பாவம், கழுத்துப் போகப்போகிறது என்று நினைத்தேன். அப்போது கடைசி அடி வந்தது.

"பினாங்கு வாழ் கிராணி பொன்னுத்துரை சொன்னபடி
பாடி வச்சேன் பாட்டு, இந்தப் பஞ்சம் போகும்படி!"

பொன்னுத்துரை என்பது நான்.

இது எப்படி நேர்ந்தது என்றால், எனக்கு அந்தக் காலத்தில் ஒரு கொள்கை இருந்தது. ஊர் கொண்டாடும் பாட்டுக்காரனால் நல்ல அரசியல் பாட்டு எழுத முடியாது. கைதட்டலுக்குப் பழகிய மனிதனுக்குக் கோபம் வராது. கோபம் வராதவனுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும்? இதை வாசகசாலையில் பல தடவை சொல்லித் தலையாட்டல்கள் வாங்கியிருக்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பாட்டுக்காரரிடமே போய்ச் சொன்னேன்.

அவர் கானக்குயில் சோலையப்பன். தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கம்பெனியோடு வந்து, சண்டை மூண்டு கப்பல்கள் நின்றுபோனதால் பினாங்கிலேயே மாட்டிக்கொண்டவர். அவர் இசைத்தட்டு இல்லாத கிராமபோன் வீடு அன்று கிடையாது. அந்தத் தட்டுகளில் நாயகி நிலாவைப் பார்ப்பாள், கிளியைத் தூது விடுவாள், மயங்கி விழுவாள். அப்பேர்ப்பட்டவர் ஒரு மளிகைக் கடை மாடியில் ஆர்மோனியப் பெட்டியும் தாமுமாக ஒதுங்கிக் கிடந்தார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. கருணை என்று நினைக்க வேண்டாம். கானக்குயில் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்ற பெருமைதான்.

"என்னப்பா, இருக்கிறதே எங்களுக்குக் காணாது, இதுக்குள்ள பாகவதருக்கும் வைக்கவோ?" என்பாள் பரமேஸ்வரி. ஆனால் அவர் வந்து ஒரு வரி முணுமுணுத்தால் போதும், மரவள்ளிப் புட்டில் தேங்காய்ப்பூ அதிகம் விழுந்த பங்கு அவருக்குத்தான் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் நிலாவைப் பாடி முடித்ததும் நான் தொண்டையைக் கனைத்தேன்.

"நீங்கள் நல்லாய்ப் பாடுறியள், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா சனத்தின்ர கஷ்டத்தை எழுத உங்கட ஆக்களால ஏலாது. நிலா, கிளி, அதுக்கு அங்கால ஓடாது."

சோலையப்பனின் கை தட்டிலேயே நின்றது. "சோறு போட்ட எடத்துல சொல்றீங்க, கேட்டுக்கறேன். ஆனா எழுதிக் காட்டறேண்ணே."

அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்தார். "எழுவாய் வேங்கையே, எரிமலை போலே" என்று ஆரம்பித்தது. எரிமலைக்குப் பிறகு இடி, இடிக்குப் பிறகு புயல். அறையில் காற்றே இல்லை. என் மகள் சரசுவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பினாங்கில் பிறந்தவள், யாழ்ப்பாணப் பேச்சு அவள் நாக்கில் நிற்காது, பினாங்குக்காரர்களின் 'லா'தான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"மாமா, அந்த வேங்கை யாரு?"

"நம்ம ஜனங்கதான் பாப்பா."

"வேங்கைக்கு அரிசி கார்டு இருக்கா? கார்டு இல்லாட்டி வரிசையில நிக்க விடமாட்டாங்க லா."

நான் வெற்றிப் புன்னகை பூத்தேன். கொள்கை நிரூபணமாகிவிட்டது. ஆனால் வரிசை என்ற சொல் காதில் விழுந்ததும் குசினியிலிருந்து பரமேஸ்வரி வெளியே வந்தாள்.

"வரிசையெண்டு என்னட்டைக் கேளுங்கோ! விடியமுன்னம் போய் நிண்டு, வெய்யிலில காய்ஞ்சு, கடைசியில தந்தது அரிசியோ சுண்ணாம்போ? எத்தினை தரம் கழுவினாலும் வெள்ளைத் தண்ணிதான் வருது. எனக்கு முன்னால ஒரு கிழவி மயங்கி விழுந்திட்டுது. விழுந்தும் இடத்தை விடேல்லை, படுத்த படியே முன்னுக்கு நகருது!"

சோலையப்பன் சிரிக்கவில்லை. "அக்கா, அந்தக் கெழவியப் பத்தி இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்த பாட்டில் வேங்கை இல்லை. கிழவி இருந்தாள். படுத்தபடியே நகர்ந்தாள். பரமேஸ்வரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் கூட இன்னொரு தடவை பாடச் சொன்னேன். "கடைசி அடி இன்னும் ஒண்ணு இருக்குண்ணே, அது உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதை முதலில் பாடிக் காட்டியது முனியாண்டியின் கடையில்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சோறு போட்டவர் பெயரைக் கடைசி அடியில் வைத்துப் பாடுவது நம் பாட்டுக்காரர்களின் வழக்கம். ஜமீன்தார்களும் செட்டியார்களும் அதைக் கேட்டு உருகிப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அது முருகன் மேல் பாட்டாக இருந்தவரை யாருக்கும் சேதமில்லை. நல்ல எதிர்ப்புப் பாட்டு எழுதுகிறவன் தன் கழுத்தைப் பணயம் வைக்க வேண்டும் என்று நான்தான் வாசகசாலையில் முழங்கியிருந்தேன். சோலையப்பன் வைத்தார். என் கழுத்தை.

முடிவெட்டும் கடையிலிருந்து நேரே மளிகைக் கடை மாடிக்கு ஓடினேன்.

"என்ர பேரை எடுங்கோ! இப்பவே எடுங்கோ!"

அவர் உண்மையாகவே புண்பட்டுப் போனார். "உங்க உப்பத் தின்னுட்டு உங்க பேரு இல்லாம பாடுனா நாக்கு அழுகிப் போயிடும்ணே."

"பாடினா என்ர தலை போயிடும்!"

கொஞ்சம் யோசித்தார். "வேற பேரு போடலாம். ஆனா தாளத்துக்கு ஒத்து வரணும். உங்க ஆபீசுல சின்னத்துரைன்னு ஒருத்தர் இருக்காராமே? கச்சிதமா விழும்."

சின்னத்துரை எனக்கு வரவேண்டிய பெரிய கிராணி வேலையைத் தட்டிப் பறித்தவர். நான் ஒரு கணம் யோசித்தேன். (ஒரு கணம்தான். சோலையப்பனைக் கேட்டால் வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம் என்பார்.) பிறகு, சின்னத்துரைக்கும் ஒரு மகள் உண்டு என்பது நினைவுக்கு வந்து வேண்டாம் என்றேன்.

மறுநாள் முனியாண்டியிடம் போனேன். பாட்டு நன்றாக இருக்கிறது, கடைசி அடியை மட்டும் விட்டுவிடக் கூடாதா என்று தணிந்த குரலில் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவன் கேட்பான் என்பதை மட்டும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"அண்ணே! அந்தப் பொன்னுத்துரை நீங்கதானா? டேய், எந்திரிங்கடா! பாட்டுல வர்ற அண்ணன் இவருதான்டா!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இருந்த ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். அதுவரை பாட்டில் மட்டும் இருந்த பெயருக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது. பாட்டு படகேறி அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போனது, அங்கிருந்து தோட்டங்களுக்குப் போனது. நிபோங் திபாலிலிருந்து அலுவலகத்துக்கு வந்த ஒரு தோட்டத் தொழிலாளி, "உங்க பாட்டப் பாடாம எங்க லயத்து வீடுகள்ல பொழுது போகாதுங்க" என்று எல்லார் முன்னிலையிலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சின்னத்துரை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ராணுவ ரகசியப் போலீசான கெம்பெத்தாய்க்குப் பயப்படாதவர் அன்று யாரும் இல்லை. ஆனால் நான் பயந்தது எனக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். வந்தால் அவர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். வீட்டில் சரசு இருந்தாள்.

அந்த வாரம் பரமேஸ்வரிக்குக் காய்ச்சல். அரிசி வரிசைக்கு நான் போனேன். கடை வாசலில் ஒரு ஜப்பானிய அதிகாரி மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பில் வாள் தொங்கியது. பாட்டில் வருகிற அதே மாதிரி வாள். வெயில் ஏறியது, கடை திறக்கவில்லை. எங்கோ பின்னால் ஒரு பெண் மெல்ல ஆரம்பித்தாள். "மரவள்ளி மரவள்ளி..." அது வரிசை வழியாகத் தவழ்ந்து என்னைக் கடந்து முன்னே போனது. அதிகாரி தலையைத் திருப்பினார். கடைசி அடி வந்தபோது வரிசை முழுவதும் அன்போடு, மரியாதையோடு, என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதிகாரியும் பார்த்தார்.

அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழர், சண்டைக்கு முன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அதிகாரி அவரிடம் ஏதோ கேட்டார். வாத்தியார் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு நீளமாக என்னவோ சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. வாத்தியார் என்னிடம் வந்தார்.

"வீட்டுக்கு வீடு மரவள்ளி நட்டு வையுங்கன்னு கவர்மெண்டு சொல்லுதில்ல? அதுக்கு நீங்க கட்டின பாட்டுன்னு சொல்லிட்டேன் லா. வேற வழி தெரியல அண்ணே. இப்ப நீங்க பாடணுமாம். சிரிச்ச முகமா பாடுங்க."

நான் பாடினால் எங்கள் வீட்டுக் கோழி கூட்டைவிட்டு வெளியே வராது. தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து வணங்கி, பாடினேன். மருமகன் வரை எப்படியோ வந்துவிட்டேன். வாளைத் தொங்கவிட்ட துரையிடம் வந்தபோது கண் தானாக அவர் இடுப்புக்குப் போனது, குரல் நின்றுவிட்டது. அப்போது வரிசை பாட்டைக் கையில் எடுத்தது. இருட்டிலேயே வந்து நின்ற பெண்கள், கூலிக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், எல்லாரும் என்னை விழவிடாமல் பாடினார்கள். கிழவி நகர்கிற அடியில் சிரித்தார்கள். பல மாதங்களாக அந்தத் தெருவில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் கொள்கை அங்கேயே செத்துப்போனது. அதற்கு ஈமக்கிரியை செய்ய எனக்கு நேரமில்லை. கடைசி அடியில் நான் வாயை இறுக மூடிக்கொண்டும், என் பெயர் ஊர் கேட்க எழுந்தது.

அதிகாரி கைதட்டினார். வாத்தியாரிடம் ஏதோ சொன்னார்.

"வீடு எங்கன்னு கேக்குறாரு. நாளைக்குக் காலையில ஆள் அனுப்புவாராம்."

"எதுக்கு?"

"சொல்லல அண்ணே."

ஆள் அனுப்புவது என்றால் என்ன என்று அந்த நாட்களில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். பரமேஸ்வரி காய்ச்சலோடு எழுந்து வந்து ஒரு பையில் துண்டும் வேட்டியும் வைத்தாள், விபூதிப் பொட்டலம் வைத்தாள், பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள். சரசுவைக் கூப்பிட்டேன்.

"அவங்கள் கேட்டா, உனக்கு அந்தப் பாட்டே தெரியாது எண்டு சொல்லு பிள்ளை."

"முடியாதுப்பா."

"ஏன்?"

"ஸ்கூல்ல எல்லாருக்கும் நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. பின்கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக்குப் போ என்றேன். போக மாட்டேன் என்றாள். வாழ்நாளில் அவள் என் சொல் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

சரசு இப்போது ஆசிரியை. வாசலில் எந்த லாரி நின்றாலும், அது செங்கல் லாரியாக இருந்தாலும், "அப்பா, வெள்ளைச் சட்டையப் போடுங்க, வந்துட்டாங்க லா!" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அன்று லாரி நின்றது. பூட்ஸ் சத்தம் கேட்டது. பரமேஸ்வரி பையை என் மடியில் வைத்தாள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். மொழிபெயர்ப்பாளர் வாத்தியார் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய கட்டு மரவள்ளிக் குச்சியைச் சுமந்துகொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"தொர குடுத்தனுப்பினாரு அண்ணே. வாசல்லயே நடணுமாம், அடுத்த மாசம் வந்து பாப்பாராம்" என்றார் வாத்தியார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், சக்கரவள்ளிக் கிழங்கு மேலயும் ஒரு பாட்டு வேணுமாம். கடைசி அடியில உங்க பேரு கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டாரு லா."